நிழல் விழாத ஆலயங்கள்

சர்வகலாசாலைக்குள் வழிபாட்டுக்கு இடம் இருப்பதை இன்று ஒரு சௌகரியமாகக் கருதுகிறோம். நெடுங்காலம் அது நிர்ப்பந்தமாகவே இருந்தது. ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் இங்கிலாந்துத் திருச்சபையின் 39 கொள்கைப் பிரமாணங்களை ஏற்காதவருக்குப் பட்டமும் பதவியும் மறுக்கப்பட்ட வழக்கத்தை, 1871-ஆம் ஆண்டுச் சட்டம்தான் பெரும்பாலும் ஒழித்தது. அமெரிக்காவிலும் மாணவர்கள் பிரார்த்தனைக்குக் கட்டாயம் வந்தாக வேண்டுமென்ற விதி, ஹார்வர்டில் 1886 வரையிலும் யேலில் 1926 வரையிலும் நீடித்தது. ஒருவன் மனம் ஒப்பாத ஜபத்தை அவன் நாவில் திணிப்பதைப் பக்தியென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்தப் பின்னணியில்தான், 1948-இல் மாஸசூசெட்ஸ் மாநிலத்து வால்தம் நகரில் தோன்றிய பிராண்டைஸ் சர்வகலாசாலையை நோக்க வேண்டும். புகழ்பெற்ற கலாசாலைகள் பலவும் யூத மாணவர்களின் எண்ணிக்கைக்கு மறைமுகமாக வரம்பு கட்டி வந்த காலம் அது. அந்த அவமானத்தை அனுபவித்த சமூகத்தார், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் யூத நீதிபதியான லூயி பிராண்டைஸின் பெயரால் ஒரு கலாசாலையை நிறுவி, அதன் வாயிலை எல்லா மதத்தாருக்கும் திறந்து வைத்தனர். ஏப்ரம் சாக்கர் அதன் முதல் தலைவர்.

திறந்த வாயிலில் நுழைந்தவர்கள் எங்கே தொழுவது? ஒரே மண்டபத்தை நேரம் பிரித்துக் கொடுப்பது எளிதாகவே தோன்றும். ஆயினும் கத்தோலிக்கருக்குத் திவ்விய நற்கருணை உறையும் பேழையும், யூதருக்குத் தங்கள் வேதமான தோராவின் சுருள்கள் இருக்கும் பேழையும் மணிக்கொரு முறை எடுத்து வைக்கும் தட்டுமுட்டுச் சாமான்கள் அல்ல. இரண்டின் அருகிலும் நந்தாவிளக்கு எரிய வேண்டும். ஆகவே, யூதருக்கும் கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டாருக்குமாக மூன்று சிற்றாலயங்கள், மாக்ஸ் ஆப்ரமோவிட்ஸ் என்னும் கட்டடக் கலைஞரின் திட்டப்படி ஒரு குளத்தைச் சூழ எழுந்து, 1955-இல் அர்ப்பணிக்கப்பட்டன. ஒன்றின் நிழல் மற்றொன்றின்மேல் விழலாகாது என்பதே அவற்றை நிறுத்திய முறையின் சூக்ஷ்மம். பெரிய மரத்தின் நிழலில் சிறு பயிர் வளராது என்பதை அறிந்த குடியானவனின் விவேகம் அதில் இருக்கிறது. பணம் கொடுத்தவர்கள் பெரும்பாலும் யூதராயிருந்தும் தங்கள் ஆலயத்தை நடுநாயகமாக உயர்த்திக் கொள்ளாத அந்தப் பெருந்தன்மையை நான் கைகூப்பி வணங்குகிறேன். புராட்டஸ்டண்ட் ஆலயத்துக்கு, இனப்பிரிவினையை 1896-இல் உச்ச நீதிமன்றம் அங்கீகரித்தபோது தனியொருவராய் மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய நீதிபதி ஜான் மார்ஷல் ஹார்லனின் பெயரைச் சூட்டியதும் பொருத்தமே.

அதே 1955-இல், அங்கிருந்து பத்து மைலுக்குள்ளாக, மாஸசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கட்டடக் கலைஞர் ஈரோ சாரினன் இதற்கு நேர்மாறான வழியைக் கண்டார். எந்த மதத்துக்கும் உரித்தாகாத ஒரே ஆலயம். செங்கல்லாலான வட்டச் சுவர். சுற்றிலும் ஆழமற்ற அகழி. அகழி நீரில் பட்டுத் தெறிக்கும் வெயில், சுவரின் அடிவாரத்து வளைவுகள் வழியே உள்ளே புகுந்து அலையலையாய் நெளிகிறது. உச்சியிலிருந்து இறங்கும் ஒளி, சிற்பி ஹாரி பெர்டோயா அமைத்த உலோகத் தகடுகளில் சிதறி, வெறுமையான பளிங்குப் பீடத்தின்மேல் படிகிறது. அழகில் அதற்கு ஈடு சொல்வது கடினம். எனினும் பீடத்தை வெறுமையாக்கித்தான் சமத்துவம் காண வேண்டுமா என்ற கேள்வி என்னை விடவில்லை. அவரவர் விளக்கு அவரவர் முன்னே எரியவிடும் வால்தத்து வழியே எனக்கு உவப்பானது.

ஆனால் மூன்று ஆலயங்களைக் கட்டியவர்களும் நான்காவதாக வரப்போகிறவரை எண்ணியிருக்கவில்லை. பிற்காலத்தில் அங்கே முஸ்லிம் மாணவர்களுக்கும் தொழுகைக்கு இடம் வேண்டியதாயிற்று. அந்நாட்டின் வேறு கலாசாலைகளிலும் அவ்வாறே. வேறு காரியத்துக்கென்று கட்டிய அறையைத் தொழுகைக்கு ஒதுக்கினால், தொழுவோர் நோக்க வேண்டிய மக்காவின் திசையான கிப்லா எந்தச் சுவருக்கும் நேராக அமைவது அபூர்வம். மாஸசூசெட்ஸிலிருந்து மக்கா வடகிழக்கே இருப்பதால், விரிப்புகள் சுவரோடு இணையாமல் மூலைவாட்டில் சாய்ந்து கிடக்கும். தொழுகைக்கு முன் கை கால் கழுவித் தூய்மை செய்துகொள்ளும் உளூவுக்கு வருகிற மாணவன், கை கழுவுவதற்கென்று இடுப்புயரத்தில் வைத்த தொட்டியில் ஒரு காலைத் தூக்கி வைத்து, மறுகாலில் நின்றபடி கழுவுகிறான். தரையோடு ஒட்டி ஒரு தாழ்ந்த குழாயும், அமர்ந்து கால் கழுவ ஒரு திண்ணையும் அமைத்துத் தருவது எந்தக் கலாசாலைக்கும் பெருஞ்செலவன்று.