தொடக்கக் கற்பித்தல் எழுத்துமுறை

தொடக்கக் கற்பித்தல் எழுத்துமுறை என்பது ஆங்கிலம் படிக்கத் தொடங்கும் குழந்தைகளுக்காகச் சர் ஜேம்ஸ் பிட்மன் வகுத்த எழுத்துத் தொகுதியாகும். இது 1961-ல் பிரித்தானியப் பள்ளிகளில் சோதனையாக அறிமுகமானது. இவர் சுருக்கெழுத்து முறையை வகுத்த ஐசக் பிட்மனின் பேரன். தமிழகத்துத் தட்டச்சுப் பயிலகங்களில் ‘பிட்மன்’ என்று வழங்குவது அந்தப் பாட்டனாரின் முறையே.

ஆங்கில நெடுங்கணக்கில் 26 எழுத்துகள். ஒலிகளோ ஏறத்தாழ 44. ‘டஃப்’, ‘காஃப்’, ‘த்ரூ’, ‘தோ’ ஆகிய நான்கு சொற்களும் ஓ, யு, ஜி, எச் என்ற அதே நான்கு எழுத்துகளில்தான் முடிகின்றன. எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தை திணறுவது இங்கேதான். பிட்மன் க்யூ, எக்ஸ் இரண்டையும் நீக்கி, 20 புதிய வடிவங்களைச் சேர்த்து, ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து என்ற நிலையை நெருங்கினார். பெரிய எழுத்துக்குத் தனி வடிவம் கிடையாது. அதே எழுத்தைச் சற்றுப் பெரிதாக அச்சிட்டால் போதும்.

குழந்தைகள் பலர் விரைவாகவே வாசிக்கத் தொடங்கினர். சிக்கல் பிறகு வந்தது. ஓரிரு ஆண்டுகளில் அவர்கள் வழக்கமான எழுத்துக்கு மாற வேண்டியிருந்தது. கடைப் பலகையும் வீட்டுப் புத்தகமும் வேறு எழுத்தில் இருந்தன. பெற்றோராலும் எளிதில் உதவ முடியவில்லை. நடுவில் பள்ளி மாறிய பிள்ளைகளின் பாடு இன்னும் கடினம். எழுத்துப்பிழை தங்களை விட்டு நீங்கவே இல்லை என்று அம்முறையில் படித்த சிலர் முதுமையிலும் குறைகூறுகின்றனர்.

1970-களில் இம்முறை பெரும்பாலும் வழக்கொழிந்தது. ஒலிவழிக் கற்பித்தல் மட்டும் வழக்கமான எழுத்துகளைக் கொண்டே மீண்டும் வலுப்பெற்றது. 2012 முதல் இங்கிலாந்தில் முதலாம் ஆண்டுக் குழந்தைகள் 40 சொற்களை உரக்கப் படித்துக் காட்டுகின்றனர். அவற்றில் பாதி பொருளற்ற சொற்கள்.