காந்தம் தரும் குளிர்ச்சி

சித்திரை வெயிலில் வேங்கிக்கால் கடையொன்றில் குளிர்பானம் வாங்கிப் பருகுகிறீர்கள். அதைக் குளிர்வித்த பெட்டிக்குள் ஒரு வாயு அழுந்தியும் விரிந்தும் சுற்றிவருகிறது. இவ்வாயுக்களில் சில ஓசோன் படலத்தை அரித்தன. வேறு சில புவியைச் சூடாக்குகின்றன. வாயுவுக்குப் பதிலாகக் காந்தத்தால் குளிரூட்ட முடியுமா? முடியும். அந்த வரலாற்றின் ஒரு முனை நம் கடற்கரையிலேயே இருக்கிறது.

மணலில் கிடைத்த உலோகங்கள்

1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலார், அன்று திருவிதாங்கூரில் இருந்த மணவாளக்குறிச்சியின் மணலில் மோனசைட் தாதுவைக் கண்டறிந்தார். காஸ் விளக்கின் மேண்டிலுக்குத் தேவையான தோரியத்துக்காகவே அதைத் தேடினார்கள். உடனிருந்த அருமண் உலோகங்களில் பலவற்றுக்கு அன்று பயன் மிகக் குறைவு. அவற்றுள் சிறிதளவே இருப்பது காடோலினியம்.

குளிர்வது எப்படி?

காடோலினிய அணு ஒவ்வொன்றும் ஒரு சிறு காந்தம். காந்தப்புலத்தில் வைத்தால், இறைவணக்க மணி கேட்ட மாணவர்களைப்போல் இவை வரிசையில் நிற்கும். அப்போது அணுக்களின் அதிர்வு மிகுந்து பொருள் சூடாகும். அந்தச் சூட்டை வெளியேற்றியபின் புலத்தை நீக்கினால் வரிசை கலையும், அதிர்வு குறையும், பொருள் குளிரும்.

1926-27-இல் டிபையும் ஜியோக்கும் இவ்வழியைத் தனித்தனியே எடுத்துரைத்தனர். 1933-இல் கலிபோர்னியாவில் ஜியோக்கும் மக்டூகலும் காடோலினிய சல்பேட்டைக் கொண்டு 0.25 கெல்வின் வரை இறங்கினர். ஜியோக் 1949-இல் நோபல் பரிசு பெற்றார்.

ஆய்வுக்கூடத்திலிருந்து வீட்டுக்கு

காடோலினியம் ஏறத்தாழ 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே இரும்பைப்போல் வலிய காந்தத்தன்மை பெறும் என்பது 1935-இல் தெரியவந்தது. வேங்கிக்கால் வெயிலில் காந்தத்தின் பிடி தளர்ந்து நிற்கும் துண்டு, ஐஸ் நீரில் நனைந்தால் இறுக ஒட்டும்! இந்த எல்லைக்கு அருகில்தான் குளிரூட்டும் விளைவும் மிகுதி. ஆகவே, 1976-இல் பிரவுன் என்ற அமெரிக்கர், காடோலினியத்தைக் கொண்டு அறை வெப்பநிலையை ஒட்டி 47 டிகிரி வேறுபாட்டை உண்டாக்கினார்.

1997-இல் பெச்சார்ஸ்கியும் ஷ்நைட்னரும் காடோலினியம், சிலிக்கான், ஜெர்மானியம் சேர்ந்த உலோகச் சேர்மத்தில் இவ்விளைவு மிகப் பெரிதாவதைக் கண்டனர். சிலிக்கான், ஜெர்மானியம் அளவுகளை மாற்றி, அது வேலைசெய்யும் வெப்பநிலையையும் மாற்றலாம். மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் அருமண் சேர்மங்கள் ஆராயப்பட்டு வந்துள்ளன.

பின் ஏன் இது கடைகளில் பரவவில்லை? காடோலினியம் விலை மிக்கது. நிலைக்காந்தம் தரும் புலத்தில் ஒருமுறைக்குச் சில டிகிரியே குளிர்கிறது. மலிவான பொருளில், எளிய காந்தத்தால் இதைப் பரவலாக்குவதே எஞ்சியுள்ள பணி. மாணவர்களே, அது உங்களில் ஒருவருக்காகக் காத்திருக்கலாம்.