கைக்கணினியா, மடிக்கணினியா? விருப்பத்தைத் தீர்மானிக்க வேண்டியது அன்றாட வேலையே

சௌல்தாரி (தெற்கு அந்தமான்): பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு ஒரு கணினிக் கருவி வாங்க வேண்டும், இரண்டு வாங்கும் வசதி இல்லை. அந்தமான் தீவுகளிலும் தமிழகத்திலும் பல குடும்பங்கள் ஆண்டுதோறும் எதிர்கொள்ளும் நிலை இது. டேப்லட் எனப்படும் கைக்கணினியா, லேப்டாப் எனப்படும் மடிக்கணினியா என்ற தெரிவு பொருந்தாமல் போனால், படிப்பு முடியும் வரை மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் அந்தக் கருவியுடனேயே காலம் தள்ள நேரிடும்.

இதே கேள்வி அரசுகளின் முன்பும் வந்துள்ளது. 2025 மார்ச் 14 அன்று தாக்கல் செய்யப்பட்ட தமிழக நிதிநிலை அறிக்கையில், 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு அவரவர் விருப்பத்தின் அடிப்படையில் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிவித்தார். முதற்கட்டமாக ரூ.2,000 கோடி ஒதுக்கப்பட்டது. அதன்பின் மாநில அரசு நிறுவனமான எல்காட், மடிக்கணினிகளைக் கொள்முதல் செய்ய ஒப்பந்தப்புள்ளி கோரியது. 8 ஜிபி நினைவகமும் 256 ஜிபி எஸ்எஸ்டி சேமிப்பகமும் அதில் கேட்கப்பட்ட தகுதிகளுள் அடங்கும். அந்தமான் கல்லூரிகளில் பயில்வோர் இத்திட்டத்தின் வரம்பில் வரமாட்டார்கள் என்றாலும், சொந்தப் பணத்தில் வாங்குவோருக்கு இத்தகுதிகள் ஒரு நல்ல அளவுகோலாகும்.

2011இல் தொடங்கிய இரு திட்டங்கள்

இரு கருவிகளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் மாணவர்களுக்கு அறிமுகமான ஆண்டு 2011. அவ்வாண்டு செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்தநாளில், தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். மூன்று வாரங்களுக்குள், அக்டோபர் 5 அன்று, 'ஆகாஷ்' என்ற மலிவு விலைக் கைக்கணினியை மத்திய அமைச்சர் கபில் சிபல் டெல்லியில் அறிமுகப்படுத்தினார்.

ஏழு அங்குலத் திரை கொண்ட ஆகாஷ், 256 எம்பி நினைவகத்துடன் வந்தது. விரலால் அழுத்தினால் மட்டுமே ஏற்கும் திரை, மெதுவான இயக்கம், விரைவில் தீர்ந்துவிடும் பேட்டரி ஆகியவை குறைகளாகச் சுட்டிக்காட்டப்பட்டன. மேம்படுத்தப்பட்ட 'ஆகாஷ் 2' 2012 நவம்பரில் வெளிவந்தது. விலையை மட்டும் பார்த்துத் தெரிவு செய்தல் கூடாது என்பதே ஆகாஷ் தந்த பாடம். இன்றும் மிகக் குறைந்த விலையில் விற்கப்படும் கைக்கணினிகளுக்கும் மடிக்கணினிகளுக்கும் இது பொருந்தும்.

படிப்பதற்கு ஒன்று, எழுதுவதற்கு ஒன்று

பாடநூல் வாசித்தல், காணொலிப் பாடம் பார்த்தல், வகுப்பில் குறிப்பெடுத்தல், படம் வரைதல் ஆகியவற்றுக்குக் கைக்கணினி ஏற்றது. அதன் எடை பெரும்பாலும் அரைக் கிலோ அளவே இருக்கும். எழுதுகோல் கொண்டு திரையில் நேரடியாக எழுதலாம் என்பதால், உடற்கூறியல் படங்களையும் வேதியியல் அமைப்புகளையும் வரைய வேண்டிய மாணவர்களுக்குப் பெரிதும் பயன்படும். மத்திய அரசின் 'தீக்ஷா', 'ஸ்வயம்' ஆகிய கல்வித் தளங்களுக்கும் கைபேசி, கைக்கணினிச் செயலிகள் உள்ளன.

நீண்ட கட்டுரை எழுதுதல், விரிதாளில் கணக்கிடுதல், மென்பொருள் நிரல் எழுதுதல், பொறியியல் வரைபடம் தயாரித்தல் ஆகியவற்றுக்கு மடிக்கணினியே உரியது. டேலி, சாலிட்வொர்க்ஸ் போன்ற மென்பொருள்கள் விண்டோஸ் கணினிகளுக்காக உருவாக்கப்பட்டவை. அவற்றை ஆண்ட்ராய்டு கைக்கணினியில் நிறுவ இயலாது. எனவே வணிகவியல், பொறியியல் மாணவர்கள் சேரவிருக்கும் துறையில் எந்த மென்பொருள் கற்பிக்கப்படுகிறது என்பதைக் கல்லூரியில் முன்கூட்டியே கேட்டறிவது நல்லது.

தமிழில் நிறைய எழுதுவோருக்கு விசைப்பலகை முக்கியம். 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் மாநாட்டையொட்டி தமிழக அரசு ஏற்ற 'தமிழ்99' அமைப்பில், உயிரெழுத்துக்கும் மெய்யெழுத்துக்கும் உரிய விசைகளை அடுத்தடுத்துத் தட்டினால் உயிர்மெய் உருவாகும். பத்து விரல்களாலும் தட்டுவதற்கென வகுக்கப்பட்ட இம்முறையின் முழுப் பயன் தொடுதிரையில் கிடைப்பதில்லை. குறுஞ்செய்திக்குத் தொடுதிரை போதும். பல பக்கங்கள் எழுதுவோருக்குப் போதாது.

நுழைவுத் தேர்வுகளையும் கருத்தில் கொள்ள வேண்டும். ஜேஇஇ முதன்மைத் தேர்வு மையங்களில் மாணவர்கள் சுட்டி கொண்டு கணினித் திரையில் விடையளிக்கின்றனர். தொடுதிரை மட்டுமே பழகியவர்கள் தேர்வுக்கு முன் கணினியில் பயிற்சி பெறுவது அவசியம்.

தீவுகளின் தனி நிலைமை

அந்தமான் நிக்கோபார் தீவுகள் தேசிய மின்தொகுப்புடன் இணைக்கப்படவில்லை. மின்சாரத்தின் பெரும்பகுதி டீசல் மின்னாக்கிகளிலிருந்து கிடைக்கிறது. மின்தடை நேரங்களில் கைக்கணினியைச் சாதாரண பவர் பேங்க் கொண்டே மின்னேற்றலாம். மடிக்கணினிக்குப் பொதுவாக 45 முதல் 65 வாட் வரை திறன் தேவைப்படுவதால், அதற்கேற்ற பவர் பேங்க் விலை அதிகமாகும்.

சென்னையையும் தீவுகளையும் இணைக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கண்ணாடி இழை வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. அதன்பின் இணைய வேகம் மேம்பட்டுள்ளது. ஆயினும் இணைப்பு தடைபடும் வேளைகளில், பாடங்களைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளப் போதிய சேமிப்பகம் உள்ள கருவியே கைகொடுக்கும். கைக்கணினி வாங்குவோர் மெமரி கார்டு பொருத்தும் வசதி உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

பழுதுபார்ப்பு மற்றொரு சிக்கல். பெரும்பாலான கைக்கணினிகளில் பேட்டரி பசையிட்டு ஒட்டப்பட்டிருக்கும். திரை உடைந்தால் செலவு மிகுதி. பல மடிக்கணினிகளில் பேட்டரி, சேமிப்பகம் ஆகியவற்றைக் கழற்றி மாற்றலாம். ஆனால் தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயனி பேட்டரிகளைப் பயணிகள் விமானங்களில் சரக்காக ஏற்றுவதற்குச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2016 ஏப்ரல் 1 முதல் தடை விதித்துள்ளது. ஆகவே மாற்றுப் பேட்டரி கப்பலில் வந்துசேரும் வரை காத்திருக்க நேரலாம். தலைநகர் ஸ்ரீ விஜயபுரத்தில் (முந்தைய போர்ட் பிளேர்) சேவை வசதி உள்ள நிறுவனத்தின் கருவியை வாங்குவது இக்காத்திருப்பைக் குறைக்கும்.

இரண்டும் இணைந்த கருவி

கைக்கணினியுடன் விசைப்பலகையை இணைத்துப் பயன்படுத்துவது நடுவழியாகத் தோன்றலாம். ஆனால் விசைப்பலகை, எழுதுகோல் ஆகியவற்றைத் தனியாக வாங்கும்போது மொத்த விலை ஒரு நடுத்தர மடிக்கணினியின் விலையை எட்டிவிடக்கூடும். விசைப்பலகை சேர்ந்தாலும், செயலிகள் கைக்கணினிக்கு உரியவையாகவே இருக்கும்.

வாங்குவதற்கு முன்

ஒரு வாரத்தில் செய்யப்போகும் வேலைகளைத் தாளில் பட்டியலிடுவது எளிய வழி. வாசிப்பும் குறிப்பெடுத்தலும் மிகுந்தால் கைக்கணினி; எழுத்தும் கணக்கும் நிரலும் மிகுந்தால் மடிக்கணினி. பெரிய திரை கொண்ட கைபேசி வீட்டில் ஏற்கெனவே இருந்தால், வாசிப்புத் தேவையின் ஒரு பகுதி அதிலேயே நிறைவேறும். அந்நிலையில் மடிக்கணினி வாங்குவதே கூடுதல் பயன் தரும். இளைய பிள்ளைகளும் அதே கருவியைப் பயன்படுத்தப் போகிறார்கள் என்றால், ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு உருவாக்கும் வசதி உள்ளதா என்பதையும் கடையிலேயே கேட்டறியலாம்.

நண்பர் வைத்திருப்பதோ விளம்பரத்தில் கண்டதோ விருப்பத்துக்கு அடிப்படையாக வேண்டியதில்லை. தெரிவு செய்யும் உரிமையை, அக்கருவியில் தினமும் அமர்ந்து படிக்கப்போகும் மாணவரிடமே விடுவது பொருத்தமாகும். பட்டியலைத் தயாரிக்கப் பெற்றோர் உதவலாம்.