ஷண்டிங் - வயது 800

நம் கல்லூரியில் எலெக்ட்ரிகல் படித்தவர்களுக்கு 'ஷண்ட்' என்றதும் மெஷின்ஸ் லேபில் ஓட்டிய ஷண்ட் மோட்டார்தான் ஞாபகம் வரும். ஆவடி, பட்டாபிராம் பக்கத்திலிருந்து மின்சார ரயிலில் வந்து போனவர்களுக்கோ கார் ஷெட் ஷண்டிங். 'மிலிட்டரி சைடிங்' என்று ஸ்டேஷனுக்கே பெயர் உள்ள ஊர்க்காரர்கள் அல்லவா நாம்! இரண்டும் ஒரே ஆங்கில வினைச்சொல். வயது சுமார் 800.

13-ஆம் நூற்றாண்டில் அதற்கு மிரண்டு ஒதுங்குவது என்று பொருள். லாரி ஹாரனுக்கு மாடு ஒதுங்குமே, அந்த மாதிரி. 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்த 'சர் கவைனும் பச்சை வீரனும்' என்ற கதைப்பாட்டில், கழுத்துக்குக் கோடரி இறங்கும்போது கவைன் தோளைக் குறுக்கிக்கொள்கிறான். பச்சை வீரன் ஏளனம் செய்ய, ஒருதரம் ஒதுங்கிவிட்டேன், இனி மாட்டேன் என்கிறான். அங்கே வருவது இந்தச் சொல்தான். வீரனையே கூச வைத்த சொல்!

பிறகு, தானாக ஒதுங்குவது போய், பிறரைத் தள்ளி ஒதுக்குவது என்றாயிற்று. 1840-களில் ரயில்வே அதைப் பிடித்துக்கொண்டது: பெட்டியை ஒரு லைனிலிருந்து பக்கத்து லைனுக்கு மாற்றுவது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடியது நம்ம அம்பத்தூர், ஆவடி வழியாகத்தான். ரயிலோடு சொல்லும் வந்தது. வந்த இடத்தில் நாம் அதற்குப் புது அர்த்தம் கொடுத்தோம். "வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஷண்டிங் அடிக்கிறேம்ப்பா" என்றால் இங்கிலாந்துக்காரருக்குப் புரியுமா, சந்தேகம்தான். இஞ்சின் முன்னும் பின்னும் அலைவதை லெவல் கிராசிங்கில் நின்று பார்த்தவர்கள் கண்டுபிடித்த அர்த்தம் என்பது என் ஊகம்.

மின்சாரக்காரர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே ரயில்வேயிடம் இதைக் கடன் வாங்கினார்கள். 99 ஓம் மீட்டருக்குப் பக்கத்தில் 1 ஓம் ஷண்ட் வைத்தால், 100 மில்லி ஆம்பியரில் 99 ஷண்ட் வழியே போகும். மீட்டருக்கு 1தான். ஷண்டை எடுத்துவிட்டால் மீட்டர் புகையும்.

முன்பு ஒரு கம்பெனியில் என்னை டிசைனிலிருந்து ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். "உன்னை ஷண்ட் பண்ணிட்டாங்கய்யா" என்று ஒரு சீனியர் துக்கம் விசாரித்தார். அதிகாரிகளை மாற்றினால் பத்திரிகைகள் எழுதும் அர்த்தத்தில் சொன்னார். நான் அந்த 1 ஓமை நினைத்துக்கொண்டேன். அடுத்த இரண்டு வருஷம் என் கையெழுத்தில்லாமல் ஒரு போல்ட்கூட ஷாப்புக்குள் போகவில்லை.

டாக்டர்களிடமும் இந்தச் சொல் உண்டு. மூளையில் நீர் தேங்கும் குழந்தைகளுக்கு, அந்த நீரைத் தோலுக்கடியில் வயிறுவரை இறக்கிவிட ஒரு மெல்லிய குழாய் வைக்கிறார்கள். அதற்கும் பெயர் ஷண்ட்.