தாபான் மரமும் எட்டுக் கம்பிகளும்

போன மாதம் சிம்பாங் ரெங்கம் வீட்டில், முன்கூடத்து மோடத்திலிருந்து பின்னறைக்கு நெட்வொர்க் கேபிள் இழுத்தேன். நடுவில் இரண்டு கல்சுவர்கள்; வைஃபை அங்கே போய்ச் சேர்வதற்குள் செத்துவிடும். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி கிடைத்திருக்கிறது. லைன் அடிக்கடி அறுந்தால் அதுவும் போகும்; மறுபடியும் ஜோகூர் பாருவில் வாடகை அறைதான்.

துளை போடும் சத்தம் கேட்டு அம்மா வந்தார். "வைஃபைதான் இருக்கே, ஏண்டா சுவத்துல ஓட்ட போடுற?"

காற்றைவிடக் கம்பியை நம்பலாம் என்றேன். அந்த நம்பிக்கையின் கதையில் நம்ம காட்டுக்கும் பங்கு உண்டு.

தந்திக் கம்பியை நிலத்தில் கம்பம் நட்டு இழுக்கலாம். கடலுக்குள் போட, உப்புநீர் உள்ளே போகாத உறை வேண்டும். அந்த உறை மலாயாக் காட்டுத் தாபான் மரத்தின் பாலிலிருந்து கிடைத்தது. வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும். மலாய்க்காரர்கள் அதில் பாராங் கைப்பிடி செய்தார்கள். 1840களில் சிங்கப்பூரில் இருந்த மருத்துவர் மோண்ட்கோமரி அதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். 1851இல் இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைத்த கடலடிக் கம்பிக்கு அதுவே உறை. இருபது ஆண்டுகளில் சென்னை, பினாங்கு, சிங்கப்பூர் மூன்றும் கடலடிக் கம்பியால் இணைந்தன.

எங்கள் தாத்தா தோட்டத்தில் சீவியது ரப்பர் மரம். பட்டையைச் சீவினால் பால் வரும், மரமும் நிற்கும். தாபானை அப்படி விடவில்லை. வெட்டிச் சாய்த்துத்தான் பால் எடுத்தார்கள். ஒரு மரத்தில் கிடைத்ததோ கொஞ்சம். கம்பி நீள நீளக் காடு குறைந்தது.

அந்தக் கம்பியில் சரக்கு விலையும் அரசுச் செய்தியும் போயின. அதே கடலைக் கப்பலில் கடந்து வந்த நம்மவர்களுக்குக் கடிதம்தான். தந்தி வந்தால் வீடே பதறும். பெரும்பாலும் அது சாவுச் செய்தி.

இன்று நான் உரித்த கேட் 6 கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நாலு ஜோடி. ஜோடியாக முறுக்கும் யோசனைக்கு 1881இல் கிரகாம் பெல் காப்புரிமை வாங்கினார். வெளி இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஏறக்குறைய ஒரே அளவில் விழும். மறுமுனையில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் இரைச்சல் போய்விடும். அதனால்தான் பிளக் மாட்டும்போது முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் அவிழ்க்கக் கூடாது. மின்சார வயரோடு ஒட்டியும் இழுக்கக் கூடாது. கம்பிகளின் வண்ண உறை பாலிஎத்திலீன். 1933இல் இங்கிலாந்து ஆய்வுக்கூடம் ஒன்றில் கண்டுபிடித்தது. தாபான் பாலின் இடத்தைப் பிற்பாடு அதுதான் பிடித்தது.

பின்னறையில் பச்சை விளக்கு எரிந்தது. அம்மா எட்டிப் பார்த்தார்.

"அப்ப இனிமே இங்கயேதான இருப்ப?"

"வாரத்துல மூணு நாள்மா" என்றேன்.