அதிரோஸ்கிளிரோசிஸ்

தமனிகள் இறுகிப்போகும் நோய்க்கு மருத்துவர்கள் எழுதும் இந்தப் பெயர் இரண்டு கிரேக்கச் சொற்களால் ஆனது. 'அதேரே' என்றால் கூழ். 'ஸ்கிளிரோஸ்' என்றால் கடினம். கூழும் கடினமும் ஒரே பெயரிலா என்று தோன்றும். 1904இல் ஜெர்மானிய நோய்க்கூற்றியலாளர் பெலிக்ஸ் மார்ஷாண்ட் இப்படிப் பெயரிட்டதில் நியாயம் உண்டு. தமனிச் சுவரில் உருவாகும் கொழுப்புத் திட்டை அறுத்துப் பார்த்தால், உள்ளே மஞ்சளாகக் குழைந்திருக்கும். மேலே நார் படர்ந்து, சில இடங்களில் சுண்ணம் ஏறிக் கெட்டித்திருக்கும்.

அதற்கு முன் புழங்கிய 'ஆர்டீரியோஸ்கிளிரோசிஸ்' இறுக்கத்தை மட்டுமே சொன்னது. பெரிய ஆபத்து கூழில்தான். நார்மூடி கிழிந்தால் கூழ் இரத்தத்தைத் தொடும். அங்கே இரத்தம் உறையும். கழுத்து வழியாக மூளைக்கு ஏறும் கரோட்டிட் தமனியில் இது நடந்து, உறைகட்டியின் துணுக்கு மேலே போய் ஒரு குழாயை அடைத்தால் பக்கவாதம். கழுத்துத் தமனிக்கும் பக்கவாதத்துக்கும் உள்ள இந்தத் தொடர்பைக் கனடாவின் மில்லர் பிஷர் 1951இல் விளக்கி எழுதினார்.

தமிழில் 'தமனிக்கூழ்மைத் தடிப்பு' என்று எழுதுவோர் உண்டு. வாயில் நுழையச் சிரமம்தான். ஆனால் கூழை விட்டுவிடாத பெயர். பேச்சு வழக்கில் எல்லாமே 'அடைப்பு'.