மிருகமும் கிறீஸ் பூதமும்

வில்லியம் கோல்டிங்கின் 'லோர்ட் ஒஃப் த ஃப்ளைஸ்' 1954இல் வெளிவந்தது. ஆளில்லாத் தீவொன்றில் தனித்துவிடப்பட்ட ஆங்கிலச் சிறுவர்கள், காட்டில் மிருகம் ஒன்று உலாவுவதாக அஞ்சத் தொடங்குகிறார்கள். முதலில் அது ஒரு சின்னப் பையன் இருட்டில் கண்ட பாம்பு. பின்னர் கடலிலிருந்து வருவது. கடைசியில் மலையுச்சியில் குந்தியிருப்பது. உச்சியில் உண்மையில் இருந்ததோ பரசூட்டில் சிக்கி இறந்துபோன விமானப் படைவீரனின் உடல். அதைக் கண்டறிந்து சொல்ல ஓடிவரும் சைமனையே மிருகமென்று எண்ணிச் சிறுவர்கள் கொன்றுவிடுகிறார்கள். மிருகம் நமக்குள்தான் இருக்கிறது என்று முன்னரே ஐயுற்றவனும் அவன்தான்.

இந்நாவலை வாசிக்கும்போதெல்லாம் 2011 ஆகஸ்ட் மாத இலங்கை என் நினைவுக்கு வருகிறது. நோன்பு மாதம் அது. உடலில் கிறீஸ் பூசிக்கொண்ட மர்ம மனிதன் இரவில் பெண்களைத் தாக்குகிறான் என்ற பேச்சு நாடெங்கும் பரவியது. பிடிபடாமல் வழுக்கி ஓடுவதற்காக எண்ணெயோ கிறீஸோ பூசிக்கொள்ளும் திருடர்களைப் பற்றிய கதைகள் இங்கு பழையவை. அந்தத் திருடன் இப்போது பூதமானான். அட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் ஆண்கள் தடியும் தீப்பந்தமுமாக லயங்களுக்கு இரவுக்காவல் இருந்தார்கள். ஊவாவின் ஹல்துமுல்லைப் பகுதித் தோட்டமொன்றில் இருவர் கிறீஸ் பூதங்களெனச் சந்தேகிக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர்.

முஸ்லிம் ஊர்களும் விதிவிலக்கல்ல. கிண்ணியாவில் மக்கள் துரத்திய ஆள் கடற்படை முகாமுக்குள் மறைந்தான் என்று ஊரார் கூற, மோதல் மூண்டது. புத்தளத்தில் ஒரு பொலிஸ்காரர் கூட்டத்தினரால் கொல்லப்பட்டார். யாழ்ப்பாணத்து நாவாந்துறையில், மர்ம மனிதனைத் தேடிக் கூடிய மக்களை இராணுவம் வீடு புகுந்து அடித்தது.

எல்லாம் மனப்பிரமை என்று அதிகாரிகள் சொன்னார்கள். கோல்டிங்கை மேலோட்டமாக வாசித்தவர்களும் அதையே சொல்லக்கூடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. கோல்டிங்கின் சிறுவர்களுக்கு அந்தத் தீவில் இறந்தகாலம் கிடையாது. லயத்து மக்களுக்கு உண்டு. 1948இல் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1977, 1981, 1983 வன்செயல்களில் காடையர்கள் வந்தார்கள், லயங்கள் எரிந்தன, காக்க வேண்டியவர்கள் காக்கவில்லை. ஒற்றைக் காம்பராவும் பலவீனமான கதவும், இருட்டில் வெளியே போக வேண்டிய கழிப்பறையும் கொண்ட வாழ்வில் பெண்ணின் அச்சம் கற்பனையல்ல. பூதத்துக்கு உருவம் கொடுத்தது வதந்தி. உயிர் கொடுத்தது, பொலிஸில் முறையிட்டுப் பயனில்லை என்ற நீண்ட அனுபவம்.

ஆனால் அச்சத்துக்கு நியாயம் இருந்தது என்பதால் கொலைக்கும் நியாயம் வந்துவிடாது. கோல்டிங் நம்மை வந்து தொடும் இடம் இதுதான். மிருகத்தைக் கொல்வதாக நம்பிச் சுற்றி நின்ற கைகள் அடித்தது ஒரு மனிதனை. ஹல்துமுல்லையில் விழுந்தவர்களும் மனிதர்களே. ஊசலாட்டம் உண்டாக்குபவர்கள் ஜின்களில் மட்டுமல்ல, மனிதர்களிலும் இருக்கிறார்கள் என்று ஸூறத்துன் நாஸை ஓதும் நமக்கு இது புதிதல்ல. தீயவன் கொண்டுவரும் செய்தியை விசாரித்துத் தெளியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிடாதீர்கள் என்பதுதான் ஸூறத்துல் ஹுஜுராத்தின் எச்சரிக்கையும்.

அந்த எச்சரிக்கை நம் எதிரே வந்து நின்றது 2018இல். அம்பாறையில் முஸ்லிம் உணவகமொன்றில் மலட்டு மாத்திரை கலந்த உணவு விற்கப்படுவதாக வதந்தி கிளம்பியது. பள்ளிவாசல் தாக்கப்பட்டது. உணவில் இருந்தது வெறும் மாவுக் கட்டி என்று இரசாயனப் பகுப்பாய்வு பின்னர் கூறியது. அதற்குள் மார்ச் மாதத்தில் திகனையும் கண்டி மாவட்டத்தின் வேறு பல ஊர்களும் எரிந்துவிட்டன. இம்முறை மிருகத்தின் முகம் நம்முடையதாக இருந்தது.

2011இல் தடியேந்திக் காவல் நின்றவர்களில் நம்மவரும் இருந்தனர். 2018இல் துரத்தப்பட்டவர்கள் நாமே. இரண்டையும் ஒன்றாக வைத்து நாம் இன்னும் எழுதவில்லை. திகனையைப் பற்றிக் கவிதைகளும் கதைகளும் நம்மிடம் வரும், வர வேண்டும். ஹல்துமுல்லையில் இறந்த இருவருக்கும் அந்த ஏடுகளில் ஒரு பக்கம் இருக்கட்டும்.